கால் விரலில் சுண்ணாம்பு

செல்வம்,

இதை நான் சொல்கிறேன், உன் அம்மா எழுதுகிறாள். எழுத்து எனக்கு வாய்க்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் ஐந்தாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகைக் கதைகளை விடாமல் படித்துப் படித்துக் கையெழுத்தும் நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். நீ பெட்டி வாங்க ஆவடிக்குப் போயிருக்கிறாய். சாயங்காலம் கோயம்புத்தூர் ரயில். நீ திரும்பி வருவதற்குள் இதை முடித்து உன் துணிகளுக்கு நடுவில் வைத்துவிடவேண்டும். நேரிலேயே சொல்லலாமே நைனா என்று நீ கேட்பாய். சொல்லலாம்தான். ஆனால் ஒரு மகனிடம் பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற சங்கதி இல்லை இது. எழுதலாம் என்று நான் சொன்னதற்கே உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாயா, புள்ளைக்குப் போய் இத்தெல்லாமா எழுதுவாங்க?" என்று முறைத்தாள். அவன் பார்க்கப்போகிற வேலைக்கு இது வேண்டும் என்றேன். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

உன் வேலை என்னவென்று நீ எனக்கு விளக்கிச் சொன்னாய். கம்பெனிகளுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களை மனுஷராக நடத்துகிறார்களா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் முதலாளியிடம் சொல்லி, எப்படிச் சரிசெய்வது என்று வழியும் காட்டவேண்டும். வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள், அதற்காகத்தான் உன்னை அனுப்புகிறார்கள். மனித உரிமை என்று அதற்குப் பெயர் சொன்னாய். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொல்லச் சொல்ல எனக்கு நம் அம்பத்தூர்க் கம்பெனிக்கு முதல் தடவையாக அப்படிப் பார்க்க வந்தவர்கள் ஞாபகம் வந்தது. அவர்கள் வந்து, பார்த்து, சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். ஒன்றையும் பார்க்காமலே போனார்கள். நீ அப்படிப் போய்விட்டு வரக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை பேச்சு.

வெள்ளானூரில் நானும் உன் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்த நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிப் போனபோது பிழைப்பு போனது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். காலையில் கேட்டைத் திறந்து ஆட்களை உள்ளே விடுவது, அதன்பிறகு பகல் பூராவும் லைனுக்கு லைன் டிரம்மில் குடிதண்ணீர் ஊற்றுவது. இவைதான் என் வேலை. லாரித் தண்ணீர்தான் வரும். வெள்ளைத் துணியில் வடிகட்டுவேன். கோடையில் வெட்டிவேரைக் கழுவி முடிச்சாகக் கட்டி டிரம்முக்குள் போடுவேன். யாரும் போடச் சொல்லவில்லை, நானாகப் போட்டது. கட்டிங் செக்ஷனில் இருக்கிற ஆம்பிளைகள் குழாயைத் திறந்து குடித்துவிட்டு, "அண்ணாத்தே, உன் தண்ணி கோயில் தீர்த்தம் மாதிரி கீதுபா" என்பார்கள். எனக்கு நெஞ்சு விரிந்துபோகும். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் உன் அம்மாவும் அதே கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தாள். பட்டாபிராமில் ரயிலேறினால் ஆவடியில் லச்சுமி ஏறுவாள். உனக்கு லச்சுமி அத்தையைத் தெரியும், வாயைத் திறந்தால் பெட்டி முழுக்கச் சிரிக்கும். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

இப்போது என் முட்டாள்தனத்தைக் கேள். ஆம்பிளைகள் பக்கத்து டிரம் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும், மறுபடி ஊற்றவேண்டும். பெண்கள் லைன் டிரம்மில் காலையில் ஊற்றியது சாயங்காலம் வரைக்கும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொம்பளைகள் இயல்பிலேயே கொஞ்சமாகத்தான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ரயிலில் வரும்போது உன் அம்மாவிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். "உங்க லைனுதாம்மே எனக்கு நிம்மதி. ஒரு தபா ஊத்துனா போதும், முதுகு தப்பிச்சிச்சி." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று நான் கேட்கவில்லை.

அந்த லைனில் ஒரு டோக்கன் இருந்தது. சிவப்புக் கயிற்றில் கோத்த தகரப் பில்லை. சூப்பர்வைசர் மணியின் மேஜையில் ஆணி அடித்து மாட்டியிருக்கும். பாத்ரூமுக்குப் போகிறவள் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகவேண்டும், வந்து திரும்ப மாட்டவேண்டும். ஒரு லைன் பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன். மாட்டியிருந்தாலும் மணியிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். மணி, "இப்பத்தானே போன?" என்பான், ஆம்பிளைகள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியே போனால் எந்நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேங்கில் டோக்கன் கொடுக்கிற மாதிரி ஏதோ ஒரு ஒழுங்குக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு பேர் நடுவில் நடந்துபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளானூரில் நிலத்துக்காரர் ஒன்றும் நல்லவர் இல்லை, உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் போவதற்கு அவர் கூட டோக்கன் கேட்டதில்லை. பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும் வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே போகவேண்டும்?

குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும்? நீர்க்கடுப்பு வரும். எரிச்சல், அடிவயிற்றில் வலி, காய்ச்சல். (இந்த இடத்தில் உன் அம்மா மறுபடியும் பேனாவை வைத்தாள். பிறகு தானே எடுத்தாள். எழுதிவிட்டாள்.) நம் ஜனங்களுக்கு அதற்கு ஒரே ஒரு பெயர்தான், சூடு. உடம்பு சூடு பிடித்துவிட்டது என்று கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொள்வார்கள். உன் அம்மா காலில் நான் எத்தனையோ நாள் அந்த வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தே இருந்தால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி, நானே இளநீர் வாங்கிவந்து வைத்திருக்கிறேன், தலையில் விளக்கெண்ணெய் தேய்த்திருக்கிறேன். கம்பெனியில் லைனுக்கு வெளியேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள், துணியில் அழுக்குப் படக்கூடாது என்பதற்காக. குனிந்து பார்த்தால் மெஷினுக்குக் கீழே வரிசையாகக் கால்கள், பாதிப் பேர் பெருவிரலில் சுண்ணாம்பு. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் சூடு பிடித்துக்கொள்வார்களா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ளவே இல்லை.

அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்க வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், கூட ஒரு மெட்ராஸ்காரர். ஒரு வாரத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரியும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், மெஷினுக்கெல்லாம் ஆயுதபூஜை மாதிரி சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மணி டோக்கனைக் கழற்றி நூல் அலமாரிக்குள் போட்டுவிட்டான். ஆளை எடுப்பது நிறுத்துவது எல்லாம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் பெண்களிடம், விருந்தாளிகள் வருகிறார்கள், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியைச் செய்தது நம் பெண்கள்தான். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள் செல்வம்! லச்சுமி பக்கத்து வீட்டுக்காரியின் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னாடி இது, மாப்ள ஊட்டுக்காரங்களா வராங்க?" என்று உன் அம்மா கேட்டாளாம். "வர்றவன் எந்த ஊரோ. நம்மளப் பார்த்து ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போவக்கூடாது பாரு" என்றாளாம் அவள். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். பயந்துகொண்டு மட்டும் ஜனங்கள் மறைப்பதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைக்கிறோமே, அந்த மானத்துக்காகவும் மறைப்பார்கள். பயந்தவளைத் தைரியம் சொல்லிப் பேசவைக்கலாம். மானத்துக்காக மறைப்பவளிடம் உன் தைரியப் பேச்சு எடுபடாது.

அந்த வெள்ளைக்காரர் என் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெட்டிவேர் வாசனை அவருக்குப் பிடித்துவிட்டது. ஆபீசர் பக்கத்தில் நிற்க, உன் அம்மாவின் மெஷினிடம் போய் அவர் ஏதோ கேட்டார். ஆபீசர் அதைத் தமிழில், "குறை ஏதாவது இருக்கா?" என்றார். உன் அம்மா எழுந்து நின்று, "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அப்புறம் அவர் குனிந்து காலைப் பார்த்து, அந்த வெள்ளை என்ன என்று கேட்டார். ஆபீசர் ஒரு நொடி முழித்துவிட்டு, அது எங்கள் ஊர் வழக்கம், நெற்றியில் குங்குமம் வைப்பது மாதிரி என்றாராம். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த மணி இதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பெண்களும் சிரித்தார்கள். அந்த மனுஷனுக்கு மாலை போட்டு அனுப்பினோம். ஆர்டர் வந்தது.

அந்தக் கோடையில் உன் அம்மா படுத்தாள். உன்னைக் குமணன்சாவடி அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டது ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு டைபாய்டு, ஒட்டிக்கொள்ளும் என்று உன்னிடம் சொன்னோம். டைபாய்டு இல்லை. நீர்க்கடுப்பு ஏறி ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல தண்ணிப் பஞ்சமா? இந்தம்மா ஏன் தண்ணியே குடிக்கிறதில்ல?" என்று கேட்டார். ஒரு கம்பெனிக்கே தண்ணீர் ஊற்றுகிறவனைப் பார்த்து அந்தக் கேள்வி. இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்றும் சொன்னார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அப்போதும் உன் அம்மா டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மெசின்ல உக்காந்தா தாகமே எடுக்க மாட்டேங்குதுயா" என்றாள். நானும் நம்பினேன். உடம்பு தேறியதும் மறுபடியும் வேலைக்குப் போனாள். மறுபடியும் குடிக்காமல்.

அடுத்த தடவை பார்க்க வந்தது ஒரு அம்மா. ஜெயந்தி மேடம் என்றார்கள். சாதாரணப் புடவை, ஆட்டோவில் வந்து இறங்கினார். சொல்லிவிட்டுத்தான் வந்தார், அதனால் சுண்ணாம்பு, சந்தனம், பட்டுப்புடவை எல்லாம் முன்போலவே நடந்தது. ஆபீஸ் ரூமில் காகிதங்களைப் பார்த்தார். லைனைச் சுற்றி வந்தார். யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பரவாயில்லை, இவரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிரம் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். என்னிடம், "இப்பத்தான் ஊத்தினீங்களாய்யா?" என்று கேட்டார். காலையில் ஊற்றியது என்று பெருமையாகவே சொன்னேன். அவர் மூடியைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீசர் அவருக்கு ரூமில் இலை போட்டிருந்தார். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பெண்களோடு தரையில் வந்து உட்கார்ந்துவிட்டார், உன் அம்மாவுக்கும் லச்சுமிக்கும் நடுவில். ஆபீசர் கூடவே வந்தார். "சார், நாங்க பொம்பளைங்க சாப்பிடற இடம்" என்று மேடம் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவர் போய்விட்டார். அங்கே பேசியதெல்லாம் உன் அம்மா பிற்பாடு எனக்குச் சொன்னது. மேடம் சாம்பார் எப்படி வைத்தீர்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தாராம். நடுவில் உன் அம்மாவின் காலைப் பார்த்து, "எங்கம்மாவும் எனக்கு இப்படித்தான் தடவிவிடுவாங்க. ஹாஸ்டல்ல இருந்தப்போ. பாத்ரூம் கேவலமா இருக்கும், நான் தண்ணியே குடிக்க மாட்டேன்" என்றாராம். சட்டென்று எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். லச்சுமிதான் முதலில் வாய் திறந்தாள். "இன்னா மேடம், ஆபீசரு இத்த குங்குமம்னு சொல்லிக்கினு கீறாரு, நீ நீர்க்கடுப்புன்ற?" சிரிப்பு தாங்காமல் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. சிரித்து ஓய்ந்தபிறகு உன் அம்மா மெதுவாகச் சொன்னாளாம். "மேடம், நீங்க ஆட்டோ ஏறிப் போயிடுவீங்க. நாங்க நாளைக்கும் இதே கேட்டாண்ட வந்து நிக்கணும்." மேடம், "தெரியும்மா. அதனாலதான் நான் உங்க யார் பேரையும் கேக்கல. நான் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்றேன். ஆனா இன்னும் ரெண்டு தடவை வருவேன். வரும்போது இங்க உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாரும் இருக்காங்களான்னு முதல்ல பார்ப்பேன்" என்றாராம். அதற்குப் பிறகுதான் டோக்கன் கதை ஆளுக்கு ஒரு வாயாக வெளியே வந்தது.

மேடம் முதலாளியிடம் பேசிவிட்டுப் போனார். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பெயர் சொல்லாவிட்டால் யூகம் பண்ண ஆளில்லையா? சாயங்காலம் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அந்தம்மா பக்கத்துல உக்காந்தது உன் சம்சாரம் பத்மாதானே? நாளையிலேர்ந்து அவங்க வரவேணாம். நீயே சொல்லி வீட்டுல நிறுத்திடு. உனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. மீறி வந்தா, கேட்ல நிக்கிறது நீதானே?" என்றார். ரயிலில் உன் அம்மாவிடம் சொன்னேன். என்ன ஆயிற்று என்று அப்போதுதான் அவளும் முழுக்கச் சொன்னாள், டோக்கனையும் தண்ணீரையும். லச்சுமி பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். "அண்ணாத்தே, நாளைக்கு உன் கையால உன் பொண்டாட்டிய நிறுத்தப் போறியா?" என்றாள். என்ன பதில் வைத்திருந்தேன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. உன் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு கேட்டில்தான் இருந்தது. அவள் உடம்பும் அதே கேட்டுக்குள்தான் இருந்தது.

மறுநாள் கேட்டைத் திறக்க நான் வழக்கம்போல முன்வண்டியில் போனேன். "நீ போ. நான் எப்பவும் வர்ற வண்டில வரேன்" என்றாள் உன் அம்மா. கேட்டில் ஆபீசர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பெண்கள் நடந்து வந்தார்கள். எப்போதும் இரண்டு பேர் மூன்று பேராக வருகிறவர்கள் அன்று ஒரே கூட்டமாக வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் எல்லோரும் நின்று செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே போய்த்தானே கழற்றுவார்கள், இங்கே எதற்கு என்று குனிந்து பார்த்தேன். லைன் பூராவும், போன வாரம் சேர்ந்த சின்னப் பெண்ணிலிருந்து ஓய்வு பெறப்போகிற கிழவி வரைக்கும், ஒருத்தி விடாமல் பெருவிரலில் சுண்ணாம்பு. அம்பத்தூர் ஸ்டேஷன் வெற்றிலைக் கடையில் இருந்த சுண்ணாம்பு டப்பாவை லச்சுமி முழுசாக வாங்கிவந்திருக்கிறாள்.

"இன்னா நாடகம் இது?" என்றார் ஆபீசர்.

"நாடகம் இல்ல சார், சூடு" என்றாள் லச்சுமி. "லைன் பூரா பிடிச்சிக்கிச்சி. பத்மாவ நிறுத்தறதா இருந்தா எங்களயும் நிறுத்து. மேடம் பார்த்தது எந்தக் காலுன்னு நீயே பார்த்துச் சொல்லு."

உன் அம்மா கூட்டத்தின் நடுவில் நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு. எனக்கும் அவளுக்கும் நடுவில் கேட்டு. அந்த நேரம் முதலாளி கார் வந்து ஹாரன் அடித்தது. வழிவிட ஆளில்லை. முதலாளி இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஆபீசர் ஏதோ சொல்ல ஆரம்பித்ததைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார். "லேடீஸ் லைன் டிரம்முல ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குறையும்?" என்று கேட்டார். மேடம் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவேண்டும். ஆபீசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம், எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை அன்று ஒருவர் என்னிடம் கேட்டார். "குறையாதுங்க ஐயா. காத்தால ஊத்தறது சாயங்காலம் அப்டியே நிக்கும். வருசக் கணக்கா அப்டித்தான். நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்" என்றேன். முதலாளி டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் சொல்லமாட்டேன். ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பாதி இருந்திருக்கும். அந்தக் கால்களைப் பார்த்தது மீதி இருந்திருக்கும். "கேட்டைத் திற" என்றார். திறந்தேன். உன் அம்மா என்னைத் தாண்டி உள்ளே போனாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவருமே அழுதிருப்போம்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடாதே. தவறைக் கண்டுபிடிப்பது உன் வேலையில் பாதிதான். மேடம் அடுத்த தடவை வந்தபோது மணியைத்தான் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். நமக்கெல்லாம் அவன் வில்லன். அவனிடம் போய், டோக்கனை ஏன் வைத்தீர்கள், உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். மணி கொட்டித் தீர்த்துவிட்டான். ஒருத்தி எழுந்து போனால் அவள் தைக்கவேண்டிய காலர் அங்கேயே தேங்கி நிற்கும், அடுத்தவள் சும்மா உட்காருவாள், சாயங்காலம் எண்ணிக்கை குறைந்தால் ஆபீசர் தாயைப் பற்றித் திட்டுவார், நான் என்ன செய்வேன் என்றான். அது நியாயம்தானே? மேடம்தான் வழி சொன்னார். எல்லாத் தையலும் தெரிந்த ஒருத்தியை லைனில் மாற்றாளாக வையுங்கள், யார் எழுந்தாலும் அந்த மெஷினில் அவள் உட்காரட்டும் என்றார். "சும்மா நிக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். மாற்றாளாக லச்சுமி வந்தாள். முதல் நாளே லைன் நடுவில் நின்றுகொண்டு, "இனிமே நான்தான்டி டோக்கனு. கூப்புடுங்க, ஓடியாறேன்" என்று கத்தினாள். மணியே சிரித்துவிட்டான். மயக்கம் போட்டு விழுவதும் லீவு போடுவதும் குறையக் குறைய, ஆபீசரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஆனாலும் மேடம் வருவது நின்றபிறகு பின்பக்க லைனில் டோக்கனை மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். மேடம் போவதற்கு முன்னால் பெண்கள் தாங்களே நாலு பேரைப் பொறுக்கி, மாதம் ஒரு தடவை முதலாளியோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். அந்த நாலு பேர் போய்க் கேட்டு அதைக் கழற்றினார்கள். நீ போனபிறகும் நிற்கிற மாதிரி எதையாவது விட்டுவிட்டு வா. இல்லாவிட்டால் நீ போனது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

எனக்கு அதில் மிஞ்சியது ஒரு நாள். மாற்றாள் வந்த இரண்டாவது வாரமோ என்னவோ, மத்தியானம் பெண்கள் லைன் பக்கம் போகிறேன், ஒருத்தி குழாயைத் திருகித் திருகிப் பார்க்கிறாள். "இன்னா அண்ணாத்தே, தண்ணிய ஊத்தாம எங்க தூங்கிக்கினு கீற?" என்றாள். டிரம் காலி. என்னை அப்படி யாரும் அதுவரைக்கும் திட்டியதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று ஊற்றினேன்.

நீ ஆம்பிளை. உன்னிடம் ஒரு பெண் இதையெல்லாம் சொல்லமாட்டாள், சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. போகும்போது கூட ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு போ. இல்லையென்றால் பார்க்கத் தெரிந்துகொள். காகிதத்தை அப்புறம் பார்க்கலாம். எல்லோரும் பட்டுப்புடவையில் நிற்கிறார்களா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, கால் எப்படி இருக்கிறது, இதைப் பார். உனக்குப் புரியாத ஒன்றைப் பக்கத்தில் நிற்கிறவர் வழக்கம் என்று சொன்னால், அந்த வழக்கம் உள்ளவளிடம் போய்த் தெரிந்துகொள்ளாமல் எழுதாதே. ஒருத்தியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசாதே, நீ போனபிறகு அவள் தனியாக நிற்பாள். நீ மறுபடியும் போகிற நாளில் முதலில் ஆட்களை எண்ணிப் பார். யாராவது குறைந்திருந்தால், அதற்குக் காரணம் நீயாகவும் இருக்கலாம்.

உன் அம்மாவுக்குக் கம்பெனியில் டோக்கன் போனதே தவிர, அந்தப் பயம் உடம்பை விட்டுப் போகவில்லை. வெளியே கிளம்புகிற நாளில் இன்றும் வாயில் தண்ணீர் படவிடமாட்டாள். லோக்கல் வண்டியில் என்ன வசதி இருக்கிறது, உனக்கே தெரியும். டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னால், வந்து குடிக்கிறேன் என்பாள். இன்று உன்னை வழியனுப்ப சென்ட்ரல் வரைக்கும் வருகிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன் இந்த வரிகளை எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுபடியும் கோபம் என்று நினைத்தேன். பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது. சொம்பு நிறைய மொண்டு, நின்றபடியே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நீ தைரியமாகப் போய் வா.

கண்ணு, அம்மா எழுதுகிறேன். உன் நைனா சொல்வது பொய். நான் குடித்தது அரைச் சொம்புதான். மீதியை மூடி வைத்திருக்கிறேன். நீ வந்து அதைக் குடித்தபிறகுதான் கிளம்புவோம்.